மூங்கில் கிண்ணத்தில் மிருதங்கம்: டெனான் ஏஎச்-டி9200, இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு

என் வீடு மேற்கு மாம்பலத்தில், புறநகர் ரயில் தடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம். இரவு பத்து மணிக்கு மேல் அம்மா உறங்கிவிடுவார். மகள் கூடத்து மேசையில் படித்துக்கொண்டிருப்பாள். எனக்கு இசை கேட்க வாய்க்கிற நேரமும் அதுவே. அந்நேரத்தில் ஸ்பீக்கரை இயக்க வழியில்லை. திறந்த வகை ஹெட்ஃபோனும் உதவாது. அதன் பின்புறம் சல்லடைபோல் இருப்பதால், மிதமான ஒலியளவில் கேட்டாலும் பக்கத்தில் இருப்பவருக்குப் பாட்டின் வரிகூடப் புரிந்துவிடும். ஆகவே மூடிய வகையில் மிக நல்லதொன்றை வாங்குவது என்று முடிவு செய்து, மூன்று ஆண்டுகள் பணம் சேர்த்து, டெனான் ஏஎச்-டி9200 ஹெட்ஃபோனை வாங்கினேன். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அநேகமாக ஒவ்வொரு இரவும் ஒரு மணி நேரமாவது அதில் கேட்டு வருகிறேன். வாங்கிய வாரத்திலேயே எழுதியிருந்தால் இதில் பாதி வேறு மாதிரி அமைந்திருக்கும் என்பதால் பொறுத்திருந்து எழுதுகிறேன்.

மூடிய ஹெட்ஃபோனைச் செய்வது ஏன் கடினம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்த ஒன்றின் மதிப்பு முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. ஒலியை எழுப்பும் பகுதியான டிரைவரில் உள்ள மெல்லிய சவ்வு முன்னும் பின்னும் அசையும்போது, காதை நோக்கி எவ்வளவு ஒலியை அனுப்புகிறதோ ஏறக்குறைய அதே அளவைப் பின்புறமும் தள்ளுகிறது. திறந்த வகையில் அந்தப் பின்னொலி அறைக்குள் கலந்து மறைந்துவிடும். மூடிய வகையில் அதற்குப் போக்கிடம் கிடையாது. காதை மூடும் கிண்ணத்தின் சுவரில் மோதித் திரும்பி, அந்த மெல்லிய சவ்வையே ஊடுருவி, ஒரு கணம் தாமதித்துக் காதுக்கு வந்து சேர்கிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் பயணம் செய்கிறது. கிண்ணத்தின் ஆழத்தை 4 சென்டிமீட்டர் என்று கொண்டால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சுமார் 4,300 ஹெர்ட்ஸில் ஒரு நிலையலை, அதாவது இடம்பெயராமல் அங்கேயே நின்று முழங்கும் அலை, எழும். நம் செவி மிகக் கூர்மையாக இருக்கும் பகுதிக்குள் அது விழுகிறது. பாடகரின் மெய்யெழுத்துகள் தெளிவு பெறுவதும், வில் தந்தியில் உரசும் ஓசை கேட்பதும் அந்தப் பகுதியில்தான். அங்கே ஒரு சிறு முழக்கம் சேர்ந்தாலே குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். இன்னொரு புறம், கிண்ணத்துக்குள் அடைபட்ட காற்று சுருள்வில்போல் சவ்வை எதிர்த்துத் தள்ளுவதால், அந்தக் காற்றின் அளவைச் சரியாகக் கணக்கிடாத ஹெட்ஃபோனில் மந்தர ஒலி ஒரு சுரத்தில் வீங்கியும் அடுத்த சுரத்தில் மெலிந்தும் கேட்கும். விலை குறைந்த மூடிய ஹெட்ஃபோன்கள் பலவற்றில் நாம் கேட்கும் பொம்மென்ற ஓசை இப்படி வருவதே. ஆகவே கிண்ணம் எதனால் ஆனது என்பதைப் பார்வை அழகு பற்றிய கேள்வியாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

ஜப்பானிய நிறுவனமான டெனானின் வேர் 1910ஆம் ஆண்டு வரை நீள்கிறது. ஹெட்ஃபோன் தயாரிப்பில் அந்நிறுவனம் இறங்கியது 1966இல். அதன் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி 2016இல் வால்நட் மரக்கிண்ணத்துடன் ஏஎச்-டி7200 வந்தது. 2018இல் ஸீப்ராவுட் மரத்தில் ஏஎச்-டி5200உம், எல்லாவற்றுக்கும் மேல் நிலையில் மூங்கிலில் இந்த ஏஎச்-டி9200உம் வந்தன. மூங்கில், ஜப்பானின் ஷிகோகு தீவில் உள்ள கோச்சி மாகாணத்தது. புறத்தே காழ் (கெட்டியான பகுதி) உடையதைப் புல் என்றும் அகத்தே காழ் உடையதை மரம் என்றும் பிரித்த நம் பழைய இலக்கணப்படி மூங்கில் புல்லினம். இன்றைய தாவரவியலும் அதைப் புல் குடும்பத்தில்தான் வைக்கிறது. புல்லாங்குழல் என்ற சொல்லே அதற்குச் சான்று. இலக்கணம் கண்ட அந்தப் புறக்காழ்தான் இங்கே பயன்படுகிறது. மூங்கில் தண்டில் நார்கள் வெளிப்பக்கம் நெருங்கியும் உள்ளே செல்லச் செல்லக் கலைந்தும் அமைந்திருப்பதால், எடையை ஏற்றாமலே விறைப்பைத் தரும் பொருளாக அது இருக்கிறது. விறைப்பான பொருள் எளிதில் அதிராது. அதிர்ந்தாலும் மூங்கில் அந்த அதிர்வை விரைவில் விழுங்கிவிடுகிறது. கிண்ணத்தை விரல் நகத்தால் தட்டிப் பார்த்தால் ‘டொக்’ என்ற ஒரு குறுகிய ஓசை எழுந்து உடனே நின்றுவிடுகிறது.

உள்ளே இருக்கும் டிரைவர் 50 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. சவ்வு நானோ இழைகளால் ஆனது. அதன் விளிம்பு மட்டும் தனியான மென்மையான பொருளால் ஆகி, சவ்வைத் தளர்வாகப் பிடித்திருக்கிறது. ஒரே தகட்டை வட்டமாக அழுத்திச் செய்யும் சாதாரணச் சவ்வில் நடுப்பகுதி ஒரு விதமாகவும் ஓரம் வேறு விதமாகவும் வளையும். இதில் முழுப் பரப்பும் எஞ்சினின் பிஸ்டன்போல் ஒன்றாக முன்பின் செல்கிறது. பேச்சளவில் சிறியதாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டின் பலனை மிருதங்கத்தில் நேராகக் கேட்கலாம்.

அணியும் வசதியைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. எடை 375 கிராம். இந்த விலையில் 450, 500 கிராம் எடை சாதாரணமாகப் புழங்குகிறது என்பதால், இரண்டு மணி நேரம் கழித்து இந்த வேறுபாட்டைக் கழுத்து நன்றியோடு உணரும். தலைப்பட்டை ஆட்டுத்தோல், காது மெத்தைகள் செயற்கைத் தோல் போர்த்திய நினைவுப் பஞ்சு (மெமரி ஃபோம்). கிண்ணத்தைத் தாங்கும் கைகள் அலுமினியம். ஒவ்வொரு கிண்ணத்திலும் தனித்தனியே 3.5 மில்லிமீட்டர் செருகுதுளை இருப்பதால் கேபிளைக் கழற்றி மாற்றலாம். வீட்டு ஆம்ப்ளிஃபையருக்கு 3 மீட்டர் கேபிளும், கையடக்கக் கருவிகளுக்கு 1.3 மீட்டர் கேபிளும் உடன் வருகின்றன. ஹெட்ஃபோன் மடங்காது, பயணத்துக்காகச் செய்யப்பட்ட பொருளாக இதைக் கருதக்கூடாது.

கண்ணாடி அணிபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூடிய ஹெட்ஃபோனில் மந்தர ஒலி முழுமையாகக் கேட்க வேண்டுமானால், மெத்தைக்கும் தோலுக்கும் இடையே காற்று கசியக்கூடாது. என் பழைய கண்ணாடியின் காம்பு தடிமனானது. அதை அணிந்து கேட்டபோது மிருதங்கத்தின் இடந்தலை (மந்தர ஒலி தரும் இடப்பக்கம்) பாதி மெலிந்து ஒலித்தது. முதல் இரண்டு வாரம் அதையே இந்த ஹெட்ஃபோனின் இயல்பு என்று எண்ணியிருந்தேன். ஒருநாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்மூடிக் கேட்டபோதுதான் விளங்கியது. இப்போது மெல்லிய டைட்டானியக் காம்புள்ள கண்ணாடி அணிகிறேன். வேறுபாடு அநேகமாக மறைந்துவிட்டது.

இனி ஒலி. சிறுவயதில் ஆறு ஆண்டுகள் மிருதங்கம் பயின்றவன் நான். எந்தக் கருவியை வாங்கினாலும் முதலில் மிருதங்கத்தை வைத்தே சோதிப்பேன். அது பழக்கத்தால் மட்டும் அல்ல. மிருதங்கத்தின் வலந்தலையில் பூசும் சோறு, ஒரு தோல் வட்டின் தாறுமாறான மேல்சுரங்களை (அடிச்சுரத்தோடு சேர்ந்தெழும் உயர்ந்த சுரங்களை) ஒழுங்கான வரிசைக்குக் கொண்டுவருகிறது என்பதை சி. வி. ராமன் 1920லும் பின்னர் 1934லும் ஆய்ந்து விளக்கினார். பல பறைகள் ஓசையை மட்டும் தர, மிருதங்கம் சுரத்தைத் தருவது இதனால்தான். அந்த ஒழுங்கு மிக நுட்பமானது. ஹெட்ஃபோனின் கிண்ணம் தன் சொந்த முழக்கத்தை ஒரு துளி சேர்த்தாலும், ‘தீம்’ என்ற மிருதங்கச் சொல்லின் வால் பகுதியில் மிருதங்கத்துக்கு உரியதல்லாத ஒரு சுரம் ஒட்டிக்கொள்ளும். முன்பு என்னிடம் இருந்த மூடிய ஹெட்ஃபோனில் எந்த வித்வான் வாசித்தாலும், எந்தச் சுருதியில் வாசித்தாலும், ‘தீம்’ ஒரே இடத்தில் போய் முடியும். ஏஎச்-டி9200இல் நான்கு கட்டைச் சுருதியில் வாசித்த ‘தீம்’ அந்தச் சுருதியிலும், ஐந்தரைக் கட்டையில் வாசித்தது அந்தச் சுருதியிலும் கரைந்து அடங்குகின்றன. சாபு என்ற அடி விழும்போது தோலின் ஓரம் தெறிப்பதும், விரல் எடுபட்ட பின் அது மங்குவதும் தனித்தனியாகக் கேட்கின்றன.

இடந்தலையில் இதன் சிறப்பு இன்னும் தெளிவு. ரவை பூசிய தொப்பியை, அதாவது இடப்பக்கத் தோலை, உள்ளங்கை அடியால் அழுத்தி இழுக்கும்போது எழும் கும்கி, ஒரு சுரத்தில் தொடங்கி வழுக்கிக்கொண்டு மேலேறும் ஓசை. மந்தரம் வீங்கிய ஹெட்ஃபோனில் அந்த வழுக்கல் ஒரே ‘பூம்’ ஆகிவிடும்; மந்தரம் மெலிந்ததில் அது எங்கே தொடங்கியது என்றே தெரியாது. இதில் தொடக்கம், ஏற்றம், முடிவு மூன்றையும் பின்தொடர முடிகிறது. தாளவாத்தியம் மட்டும் தனித்து ஒலிக்கும் தனியாவர்த்தனத்தில், மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் கும்கிகள் அடுத்தடுத்து வரும்போதும் ஒன்றன்மேல் ஒன்று படியவில்லை. ஒரு பதிவில், ரவை சற்று அதிகமாகி இடந்தலை கனத்துவிட்டது என்பதைக்கூட உணர முடிந்தது. அதே பதிவை இருபது ஆண்டுகளாகக் கேட்டும் அதை நான் கவனித்ததில்லை. கடத்திலும் இப்படியே. மானாமதுரைக் கடத்தின் உலோகத் தன்மை கலந்த கனத்த நாதத்தை, லேசான கடத்தின் ஓசையிலிருந்து யோசிக்காமலே பிரித்தறியலாம்.

தம்புராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற கட்டையின் மேல் தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவாளி நூல், ஒவ்வொரு மீட்டலிலும் மேல்சுரங்களைப் படிப்படியாக விரியச் செய்கிறது. கச்சேரிப் பதிவுகளில் தம்புரா மிகத் தாழ்ந்த அளவிலேயே பதிவாகியிருக்கும். குரலும் பக்கவாத்தியமும் சேர்ந்ததும் மூழ்கிவிடும். இந்த ஹெட்ஃபோனில் ஆலாபனையின் இடைநிறுத்தங்களில் அது மீண்டும் மேலே வருவதைக் கேட்கலாம். தம்புராவா மின்சுருதிப் பெட்டியா என்பது முதல் பத்து நொடியில் தெரிந்துவிடும். திறந்த வகையில் இது தெளிவாகக் கேட்டாலும், எங்கள் வீட்டு மின்விசிறியும் தெருவும் அதை மூழ்கடித்துவிடும். மூடிய வகையின் பலனை நான் முழுமையாக உணர்ந்தது இங்கேதான்.

குரல் நடுநாயகமாக, சற்றே எட்டி நின்று ஒலிக்கிறது. சபாவில் ஐந்தாம், ஆறாம் வரிசையில் அமர்ந்து கேட்பது போன்ற தூரம். முதல் வரிசையின் நெருக்கத்தை விரும்புபவர்களுக்கு இது குறையாகத் தோன்றலாம். எனக்கு இந்த இடமே பிடிக்கும். ஒலியின் மேல்பகுதி, அதாவது உயர்ந்த சுரங்களின் பகுதி, வெளிச்சமானது. புதிய, நன்றாகப் பதிவான இசையில் அந்த வெளிச்சம் வயலினுக்கும் ஜால்ராவுக்கும் உயிர் கொடுக்கிறது. அறுபதுகளின் வானொலிப் பதிவுகளிலோ நாடாவின் இரைச்சலையும் கூடவே ஏந்தி வருகிறது. உச்சஸ்தாயியில் நிற்கும் நாதஸ்வரத்தை, அதிலும் மைக்கை அருகில் வைத்துப் பதிந்ததை, அரை மணிக்கு மேல் கேட்டால் காது சற்றுக் களைக்கிறது. அத்தகைய இரவுகளில் ஒலியளவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன்.

திரையிசையில் என்னை வியக்கவைத்தவை எண்பதுகளின் பாடல்கள். அக்காலத்துப் பேஸ் கிட்டார் பாட்டோடு தானும் ஒரு பாட்டாக நடந்து செல்லும். அந்த வரிகளை இப்போது வாயால் பாடிக்காட்டும் அளவுக்குத் தெளிவாகக் கேட்கிறேன். ஆனால் பழைய பாடல்களைப் புதுப்பித்ததாகச் சொல்லி ஒலியளவை ஒரேயடியாக உயர்த்தி வெளியிட்ட பதிப்புகளை இது காட்டிக்கொடுத்துவிடுகிறது. அவற்றில் தபேலாவின் அடி, குரல், வயலின் கூட்டம் எல்லாம் ஒரே உயரத்தில் நசுங்கிக் கிடக்கும். பழைய குறுந்தட்டுகளை வெளியே எறியாமல் வைத்திருப்பவர்கள் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

இசை பரந்து ஒலிப்பதாகத் தோன்றும் மேடையின் அகலம் மூடிய வகைக்கு நன்றாகவே இருக்கிறது. வயலின் ஒரு பக்கமும் மிருதங்கம் மறுபக்கமும் தலைக்கு வெளியே ஒரு சாண் தூரத்தில் அமர்ந்திருப்பதுபோல் தோன்றும். நல்ல திறந்த ஹெட்ஃபோனின் விரிவு இதில் கிடைக்காது. கிடைக்கும் என்று எண்ணி யாரும் வாங்க வேண்டாம்.

வெளியோசையை எவ்வளவு தடுக்கிறது என்பதைப் பலரும் கேட்கிறார்கள். பேச்சு, தொலைக்காட்சி, மின்விசிறியின் காற்றோசை ஆகியவை வெகுவாகக் குறைகின்றன. ரயிலின் ஆழ்ந்த அதிர்வு உள்ளே வரத்தான் செய்கிறது. மூங்கிலும் பஞ்சும் மட்டும் சேர்ந்து அத்தனை தாழ்ந்த ஒலியை நிறுத்திவிட முடியாது, அதற்கு மின்னணு முறையில் இரைச்சலை நீக்கும் வேறு வகை ஹெட்ஃபோன் தேவை. உள்ளிருந்து வெளியே போகும் கசிவைப் பொறுத்தவரை, நான் கேட்கும் அளவில் மகளுக்கு எதுவும் கேட்பதில்லை. அந்த அளவும் முன்பைவிடத் தாழ்ந்துவிட்டது. சுற்றியுள்ள இரைச்சலை வெல்லவே நாம் பெரும்பாலும் ஒலியைக் கூட்டுகிறோம்; அந்த இரைச்சல் குறைந்தால் கை தானாகக் குறைத்துவிடும். வயதுவந்தவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதே உலக சுகாதார அமைப்பு வகுத்த பாதுகாப்பு எல்லை. ஐம்பது வயதைக் கடந்த எனக்கு, மிச்சமிருக்கும் செவித்திறனைக் காப்பது முக்கியம்.

இதை இயக்கப் பெரிய ஆம்ப்ளிஃபையர் வேண்டுமா என்றால், ஒலியின் உரப்புக்காக வேண்டியதில்லை. மின்தடை 24 ஓம். ஒரு மில்லிவாட்டுக்கு 105 டெசிபல் ஒலிக்கிறது. 75 டெசிபலில் கேட்க ஒரு மில்லிவாட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். கைபேசியில் செருகி, டிஜிட்டல் பாட்டை ஒலிக்கான மின்குறிப்பாக மாற்றும் சிறு டாக் கருவி ஒரு வோல்ட் தந்தாலே தேவைக்கு மேல் மிஞ்சும். கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. இரைச்சல் உள்ள ஆம்ப்ளிஃபையரின் ‘ஸ்ஸ்’ ஓசை இத்தனை உணர்திறன் உள்ள ஹெட்ஃபோனில் அப்படியே கேட்கும். அடுத்து, ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்தடை ஹெட்ஃபோனுடையதில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்ற நடைமுறைக் கணக்குப்படி, அது 3 ஓமுக்குள் இருக்க வேண்டும். பழைய ஸ்டீரியோ ரிசீவர்கள் பலவற்றின் ஹெட்ஃபோன் துளையில் இதைவிடப் பன்மடங்கு மின்தடை இருக்கும்; என் தந்தையார் காலத்து ரிசீவரில் செருகிக் கேட்டபோது மந்தரம் தளர்ந்துபோனது. இப்போது அளவான ஒரு மேசை ஆம்ப்ளிஃபையரைப் பயன்படுத்துகிறேன். அதன் விலை ஹெட்ஃபோனின் விலையில் பத்தில் ஒரு பங்குதான்.

சென்னையின் வெக்கை இந்த மாதிரிப் பொருள்களுக்குப் பகை. சித்திரை, வைகாசியில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் அரை மணி நேரம் அணிந்தால் காதைச் சுற்றி வியர்த்துவிடும். கேட்டு முடித்ததும் மெத்தைகளை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, சிறிது நேரம் காற்றாட வைக்கிறேன். மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு மூடிய பெட்டிக்குள் வைப்பேன். தோல் பொருளில் பூஞ்சை பிடிக்க ஐப்பசி மாதத்தில் ஒரு வாரமே போதும். மெத்தை தேயும் என்ற அச்சத்தில், வெளிக்கடை ஒன்றில் அசல் ஆட்டுத்தோல் என்று சொல்லி விற்ற மாற்று மெத்தைகளை ஒருமுறை வாங்கி மாட்டிப் பார்த்தேன். அவை நான்கைந்து மில்லிமீட்டர் தடிமனானவை. அந்த வேறுபாட்டிலேயே டிரைவர் காதிலிருந்து விலகி, குரல் பின்னுக்குப் போய், கும்கி கலங்கிவிட்டது. மூன்றாம் நாளே கழற்றிவிட்டேன். மூடிய ஹெட்ஃபோனில் மெத்தையும் கிண்ணத்தின் ஒரு பகுதியே. பழையது தேய்ந்தால் அந்த மாடலுக்கே உரிய மெத்தையைத்தான் தேட வேண்டும்.

வெளியானபோது இதன் விலை அமெரிக்காவில் 1,599 டாலர். நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரிய தொகை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. இதே உயரத்தில் பேசப்படும் வேறு இரண்டையும் நண்பர்கள் வீட்டில் பொறுமையாகக் கேட்டிருக்கிறேன். 2016இல் வந்த சோனி எம்டிஆர்-இஸட்1ஆர் 70 மில்லிமீட்டர் டிரைவர் கொண்டது. அதன் மந்தரத்தின் ஆழமும் பரப்பும் பெரிய ஸ்பீக்கருக்கு நெருங்கியவை. ஆர்கெஸ்ட்ரா இசையும் மின்னிசையும் கேட்பவராக இருந்தால் அதையே எடுத்திருப்பேன். 2019இல் வந்த பிரான்சின் ஃபோகல் ஸ்டெலியா, பெரிலியம் சவ்வின் வேகத்தால் குரலின் நுணுக்கங்களை இதைவிட ஒரு படி கூடுதலாகவே காட்டுகிறது. எடை 435 கிராம், விலையோ ஏறத்தாழ இரண்டு மடங்கு. நான் கேட்பதில் முக்கால் பங்கு கர்நாடக இசை. அதிலும் லயத்தின் மேல் எனக்குள்ள பற்று அதிகம். டெனானில் மிருதங்கம் மிருதங்கமாகவே ஒலிக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இதைத் தேர்ந்தேன். இரண்டு ஆண்டுகளில் அந்த எண்ணம் மாறவில்லை.

வாங்க நினைப்பவர்கள், எங்காவது கேட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், கடைக்காரர் போடும் மாதிரிப் பாட்டை விட்டுவிட்டு, நீங்கள் நூறு முறை கேட்ட ஒரு கச்சேரிப் பதிவைக் கையோடு கொண்டு செல்லுங்கள். வழக்கமாக அணியும் கண்ணாடியோடு, வீட்டில் கேட்கும் தாழ்ந்த அளவிலேயே, தனியாவர்த்தனம் முடியும் வரை கேளுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் மேல்பகுதியின் வெளிச்சம் மட்டுமே கவனத்தை இழுக்கும். இடந்தலை செவியில் படிவதற்குக் கால் மணி நேரமாவது ஆகும்.